வெல்டர் கட்டிய சிவப்பு வண்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்று வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் ஜன்னல் வரை போவார், போனவர் எதற்கு வந்தோம் என்று விழித்துவிட்டுத் திரும்புவார். கைபேசியில் ஒரு சிவப்புக் காரின் படங்கள் பதினான்கு இருந்தன. அவற்றை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் மனுஷன் கூசிப்போய்விடுவார். அறுபது வருஷத்துக்கு முன்னால் பந்தயத்துக்கென்றே வந்த இரண்டு சீட்டு வண்டி அது. சரியாகச் சொன்னால், அதைப் பார்த்து அச்சு அசலாக ஒரு வெல்டர் தன் வீட்டுக் கொட்டகையில் கட்டி, விற்பனைக்கு விளம்பரம் கொடுத்திருந்த வண்டி. நிஜ வண்டி வேண்டுமென்றால் எவனாவது பெரிய பணக்காரன் மனசு வைத்து விற்க வேண்டும். விற்றாலும் அது இன்னொரு பணக்காரன் வீட்டுக்குத்தான் போகும்.

"டூப்ளிகேட்டுதானே மாமா" என்றான் மச்சான், நூறாவது தடவையாக.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அடிபட்ட கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவன் வேலை. சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பான். காரின் மேல் வைத்து, ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவான்.

"அடிச்சட்டம் ஒரு வண்டியோடது, இன்ஜின் இன்னொரு வண்டியோடது, மேல ஃபைபர். இதுக்குப் பேரு காரா மாமா? மாறுவேஷப் போட்டி."

"அசல் வச்சிருக்கிறவன் என்ன பண்றான் தெரியுமா? போர்வை போத்தி வச்சிருக்கான். மழைன்னா எடுக்க மாட்டான், வெயில்னா எடுக்க மாட்டான். இது ஓடுது மச்சான். ஓடுது."

"ஓடுறதுதான் முக்கியம்னா வாசல்ல நிக்குதே நம்ம வண்டி, அது ஓடலையா?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத பதில்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், பார்த்ததும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். இடது பக்கம் ரொம்ப நேரமாக ஒன்றும் வரவில்லை. வராமல் இருக்குமா, நமக்குத்தான் தெரியவில்லை என்று அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருஷம் பொத்தானோடு மாரடித்த கை, இதோ இப்போது வந்திருக்கும் என்று குத்துமதிப்பாக அமுக்கத் தொடங்கியது. டாக்டர் மெஷின் கக்கிய காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஏமாத்தினா மெஷின் எழுதி வச்சிடும் சார். ஓரப் பார்வை நல்லாவே போயிருக்கு. போனது வராது. இனிமே வண்டி ஓட்டாதீங்க. வீட்டுல சொல்லிடுங்க" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சாவி கையை விட்டுப் போய்விடும். போவதற்குள் அந்தச் சிவப்பு வண்டியை ஒரே ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். இதுதான் அவரைப் பிடித்து ஆட்டிய பேய். நல்ல புத்தி உள்ளவன் செய்கிற காரியமா என்றால், இல்லைதான்.

சனிக்கிழமை அவரும் மனைவியும் மச்சானும் வெல்டர் வீட்டுக்குப் போனார்கள். வெல்டர் ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். போர்வையை இழுத்ததும் வண்டி தெரிந்தது. மச்சான் வணக்கம்கூடச் சொல்லாமல் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தான். அது நழுவி அவன் கால்விரலிலேயே விழுந்தது.

"ஃபைபர்னு விளம்பரத்துலயே எழுதியிருக்கேனே தம்பி" என்றார் வெல்டர். "இந்தக் கதவு வளைவு வர்றதுக்கு நாலு கதவு செஞ்சு உடைச்சேன். இது அஞ்சாவது. மொத்தம் பதினோரு வருஷம்."

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தார். மச்சான் கதவில் கை வைப்பதற்குள் அக்காக்காரி ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நீ இங்கேயே காந்தத்தை வச்சு விளையாடிட்டிரு" என்றாள்.

வண்டி உறுமியது. லிஃப்ட் மெக்கானிக் கியரைப் போட்டார். முதல் தெரு, இரண்டாவது தெரு. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் கால் ஆடாமல் இருந்தது. மனைவிகூடச் சிரித்தாள், தலைமுடியைப் பிடித்துக்கொண்டு.

"நிறுத்துங்க."

அவள் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். இடது சந்திலிருந்து வந்த சைக்கிள்காரர் வண்டியின் மூக்கை உரசாத குறையாகத் தாண்டி, திரும்பி நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். எல்லாம் நியாயமான வார்த்தைகள்.

"அந்த ஆளைப் பாக்கலையா?"

"பாத்தேனே."

அவள் அவரையே பார்த்தாள். முகம் மாறியது. "நேரா ரோட்டைப் பாருங்க. திரும்பாம சொல்லுங்க. என் கையில எத்தனை விரல்?"

"ரெண்டு."

"கை மடியில இருக்குங்க. நான் தூக்கவே இல்ல."

ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். மெஷின், பொத்தான், டாக்டர், ஒன்று விடாமல். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "கண்ணு போனதுகூடப் பரவாயில்ல. என்கிட்ட மறைச்சீங்க பாருங்க" என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது, அதனால் திரும்பி வரும்போது அவரே நடக்கிற வேகத்தில் ஓட்டினார். இடது பக்கத்தை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆள் வருது, நில்லுங்க. இப்ப போங்க.

வாசலில் வெல்டர் காத்திருந்தார். "எப்படி இருக்கு?"

லிஃப்ட் மெக்கானிக் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வெட்கம். "வண்டி பரவாயில்ல. ஆனா என்ன இருந்தாலும் டூப்ளிகேட்டுதானே. மச்சான் சொன்னது சரிதான். வேண்டாங்க" என்றார்.

மச்சானுக்கு வாயெல்லாம் பல். "அப்படிங்களா" என்று வெல்டர் போர்வையை எடுத்து உதறினார். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பதினோரு வருஷம் உழைச்ச மனுஷன் மேல ஏங்க பழியப் போடுறீங்க?" என்றவள் வெல்டர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல. இவருக்குத்தான் இடது பக்கம் பார்வை போயிடுச்சு. வெளிய சொல்ல வெட்கம்."

மச்சான் கையிலிருந்த காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான். வெல்டர் போர்வையை மடித்துக் கீழே வைத்தார். "வெல்டிங்காரனுக்குக் கண்ணு போயிடுமோங்கிற பயம் தெரியும் சார்" என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல. வேணும்னா இன்னும் கொஞ்ச நேரம் அதுல உக்காந்திருங்க."

"தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. நல்ல வண்டி" என்றார் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் வண்டியில் உட்காரவில்லை.

தெருவில் நின்ற தங்கள் காரை நோக்கி நடந்தார். பழக்க தோஷத்தில் ஓட்டுகிறவர் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றார். மச்சான் சாவியைக் கேட்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவராகவே நீட்டினார். பிறகு பின் சீட்டில் போய் ஏறிக்கொண்டார்.

மனைவி முன்னால் உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, அவருக்கு இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள்.