தெர்மாமீட்டரும் வெளியே நிற்கும் அத்தானும்

1

இந்தக் கதை என் அக்காவின் திட்டில் பிறந்தது.

"வீட்ல உக்காந்து கதைதானே எழுதிட்டிருக்க? உங்க அத்தானுக்கு ஒரு நல்ல தெர்மாமீட்டர் பாத்துச் சொல்லேன்" என்றாள் அக்கா. காய்ச்சலுக்கு வைப்பது இல்லை. அடுப்பில் வேகும் இறைச்சியின் உள்சூட்டை, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கிற கம்பியில்லா வகை. நானோ சிறுகதைக்காரன். எனக்குத் தெரிந்த சூடெல்லாம் விமர்சகர்கள் போட்டதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி பெய்துகொண்டிருந்தது. தன் கடந்தகாலத்தைப் போலவே புகைந்துகொண்டிருந்த அடுப்பின் முன் ஒரு மனிதன்..."

[வேண்டாம். அத்தானுக்குக் கடந்தகாலமெல்லாம் கிடையாது. முழங்கால் வலி உண்டு.]

பிறகு: "வெப்பத்தை அளக்கத் துடிப்பது மனித குலத்தின் ஆதி..."

[இதை எழுதியவன் யாரென்று எனக்கே தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.]

2

அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.* வீட்டின் பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஓர் இரும்பு அடுப்பு வைத்திருக்கிறார். விறகுப் புகையிலேயே இறைச்சியை நாள் முழுக்க மெல்ல வேகவைக்கும் அடுப்பு. ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் குளிர்காலத்தில்தான் அவருக்கு அந்த ஆசை வரும். குளிர்காற்றில் இரும்பு ஆறும். வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்த்தால் இன்னும் ஆறும். அதனால் குல்லாவும் மஃப்ளருமாக அதன் பக்கத்திலேயே காவல் நிற்பார்.

போன குளிர்காலத்தில், அவருடைய மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் பெற்றோர் முதன்முறையாக வந்தார்கள். அத்தான் வணக்கம் சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனவர், பரிமாறத்தான் உள்ளே வந்தார். கறி பிரமாதம். ஆனால் பையனின் அப்பா வீட்டுக்குப் போய்க் கேட்டாராம்: "அவருக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லையோ?" அதோடு பேச்சு அப்படியே நின்றுபோனது.

இப்போது மறுபடி வருகிறார்கள்.

"அப்பா, இந்த ஒரு தடவை உள்ள உக்காந்து அவர்கூட பேசுங்கப்பா. இல்லன்னா இது நடக்காது" என்றாள் அக்கா மகள்.

"நான் என்னம்மா பேசுவேன்?" என்றார் அத்தான். இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

(* இது பொய். அவர் வேலை வேறு. வேலையிடத்தில் யாராவது இதைப் படித்துவிட்டு அவரைக் கிண்டல் செய்யக் கூடாதே என்று லிஃப்டுக்கு மாற்றினேன். இது எங்கே போய் முடியுமென்று அப்போது யோசிக்கவில்லை.)

3

கடையில் அக்கா, அத்தான், நான் மூவரும் நின்றோம். கறியில் முழுசாகக் குத்திவிடுகிற புளூடூத் ஊசியை எடுத்துக் காட்டினேன்.

"இரும்பு மூடியத் தாண்டி, செவுத்தத் தாண்டி அது வராது மாப்ள."

போனில் காட்டும் வைஃபை வகை.

"சம்பந்தி முன்னாடி போன நோண்டிட்டு உக்காந்திருக்கவா?"

மூன்றாவதில் இரண்டு ஊசிகள். ஒன்று கறிக்குள், ஒன்று அடுப்பின் சூட்டுக்கு. ஊசிகளின் வயர் அடுப்புக்கு வெளியே தொங்கும் அனுப்பும் பெட்டிக்கு வரும். அங்கிருந்து ரேடியோவில், வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்கு எண் வந்து சேரும்.

"குளிர்ல பேட்டரி செத்துடுமே."

"லித்தியம் பேட்டரி போட்டா தாங்குமாம் அத்தான்."

அவர் முகம் தொங்கிப்போனது. [இங்கேதான் என் பாத்திரத்தை முதலில் சந்தேகித்தேன். ஒரு பொருளில் குறையே இல்லையென்று யாராவது வருத்தப்படுவார்களா?]

வீட்டில் சோதித்துப் பார்த்தோம். அக்கா பெட்டியோடு அறை அறையாக நடந்தாள். அத்தான் பின்பக்கம் நின்று கத்தினார்: "கேக்குதா?"

"கேக்கறதுக்கு இது என்ன போனா? நம்பர் தெரியுது!"

குளியலறையில்கூடத் தெரிந்தது. அத்தானுக்கு இனித் தப்பிக்க வழியில்லை.

4

அந்த நாள் வந்தது. அத்தான் சோபாவின் நுனியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே பையனின் அப்பா, அதே மாதிரி. பெட்டியில் எண் ஏறுவதை இருவரும் செய்தி பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"குளிர் ஜாஸ்தி."

"ஆமாங்க. ஜாஸ்திதான்."

அக்கா மகள் சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அத்தான் ஒரே ஒருமுறை விறகு போட எழுந்து போய் வந்தார். வந்து உட்காரவும் எண் மறைந்தது. பெட்டியில் வெறும் கோடுகள்.

"அடடா, சிக்னல் போயிடுச்சு!" என்றார். அன்றைக்கு அவர் சந்தோஷமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அனுப்பும் பெட்டி அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. சூடு போகாமலிருக்க உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பை. குளிர் படாமல் வைத்திருக்கிறார், பாவம். வெள்ளித்தாள் சிக்னலை மறைக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

லிஃப்ட்காரருக்குத் தெரியும். உலோகப் பெட்டிக்குள் போன் செத்துப்போவதைத் தினமும் பார்ப்பவர். அந்த வேலையைக் கொடுத்ததோ நான். ஒரு அப்பாவியை என் பேனா திருடனாக்கிவிட்டது.

இந்தப் பகுதியை அவரிடமே படித்துக் காட்டினேன்.

"தெரிஞ்சேதான் வெச்சீங்களா அத்தான்?"

"கதையில எப்படி இருக்கு?"

"தெரிஞ்சே வெச்ச மாதிரி."

"அப்ப அந்த லிஃப்ட்காரனக் கேளு. என்ன ஏன் கேக்கற?"

5

முடிவு ஒன்று: அத்தான் வெளியே போகிறார், திரும்பவே இல்லை. பையன் வீட்டார் கோட்டை மாட்டிக்கொண்டு... [எழுத மாட்டேன். அவள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.]

முடிவு இரண்டு: அத்தான் கூச்சத்தை உதறிவிட்டு மகளைப் பற்றி அழகாக... [அவரைத் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.]

நடந்தது இதுதான். சிக்னலைச் சரிபார்க்கிறேன் என்று அத்தான் எழுந்தார். பையனின் அப்பாவும் எழுந்தார்.

"நானும் வரேங்க. எனக்கும் உள்ள உக்காந்து பேச வராது." ஒரு கணம் தயங்கினார். "போன தடவையே வந்திருப்பேன். நீங்க கூப்பிடல."

அத்தான் தன் மஃப்ளரைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

6

ஜன்னலில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. கைகள் ஆடின. ஒருவர் குனிந்து சிரித்தார். பெட்டியில் எண் திரும்ப வந்தது. யாரோ பையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

"சரியாயிடுச்சே, ரெண்டு பேரையும் உள்ள கூப்பிடு" என்றாள் அக்கா.

ஜன்னலைத் திறந்து கத்தினேன்: "சிக்னல் வந்துடுச்சு! உள்ள வாங்க!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. பெட்டியில் எண் மறுபடி மறைந்தது.

அக்கா மகள் அந்தக் கோடுகளைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

"யாரு மாமா திரும்பப் பைக்குள்ள வெச்சது? அப்பாவா, அவரா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அது யாருடைய கை என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே யாராவது வெளியே போய், கறி வெந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே எல்லோருக்கும் பசிக்கிறது.