ஸ்ரீவத்சனின் மூத்த பெண்

ஸ்ரீவத்சனுக்கு ஒரே பெண். மந்தைவெளியில் பால் பூத்காரர் முதல் பெருமாள் கோயில் பட்டர் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் அவரே அதை மறந்துபோகப் போகிறார்.

பெண்ணின் பெயர் ஜானு. படிப்பில் கெட்டி, வாயும் கெட்டி. காலேஜ் முடிக்கிற வருஷம் வலது உதட்டோரத்தில் மிளகளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பல் தேய்த்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். அது போகவில்லை. மிளகு புளியங்கொட்டையாயிற்று, பிறகு கன்னத்தில் ஏறியது. ஒட்டுகிற வியாதி இல்லை, வலிக்காது, உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு என்ன செய்யும் என்று அவர் சொல்லவில்லை. அதை ஸ்ரீவத்சன் தானாகவே தெரிந்துகொண்டார்.

ஜாதகத்தோடு போட்டோவும் போக வேண்டும் அல்லவா? அதற்கென்று மெஹபூப் அலி இருந்தார். மயிலாப்பூரில் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ. பெண்ணை வலப்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, இடது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பார். அப்படியும் எட்டிப்பார்க்கிற வெள்ளையை மெல்லிய பிரஷ்ஷில் சாயம் தொட்டு மூடிவிடுவார். டச்சிங் என்று பெயர். ஊரில் பாதிப் பெண்களின் அம்மைத் தழும்பும் மாப்பிள்ளைகளின் முன் வழுக்கையும் அந்த பிரஷ்ஷில்தான் மறைந்தன. யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

போட்டோவைப் பார்த்து வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக அடையாறிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஜானு தட்டோடு எதிரில் நிற்கும்போதே பிள்ளையின் அம்மா, "பொண்ணைக் கூப்பிடுங்கோ, பார்க்கலாம்" என்றாள். அன்றோடு ஜானு போதும் என்று சொல்லிவிட்டாள். அழவில்லை. தட்டிலிருந்த பஜ்ஜியை அவளே தின்று தீர்த்தாள்.

அதற்கப்புறம்தான் இந்த ஜப்பானிய மொழி. தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, வேலை முடிந்து வந்ததும் போய்ப் படித்தாள். வீட்டில் எண்ணெய் டப்பாவிலும் உப்பு ஜாடியிலும் அவள் ஒட்டிய ஜப்பான் எழுத்துகளைப் பார்த்து அவள் அம்மா சமைக்கப் பழகிவிட்டாள். ஜப்பான்காரர்களோடு கூட்டு வைத்த கம்பெனி ஒன்று அம்பத்தூரில் இருந்தது. டிசம்பர் பரீட்சையில் பாஸ் செய்தால் மொழிபெயர்ப்பு வேலை, ஒசாகாவில் பயிற்சி என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. பரீட்சை வருஷத்துக்கு ஒரு முறைதான். தவறவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

மெட்ராஸுக்குப் பெயர் மாற்றிய வருஷம் அது. விண்ணப்பத்தோடு வந்த தாளில் போட்டோவுக்கென்றே ஒரு பத்தி இருந்தது. முகம் நேராக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், தலையில் தொப்பி கூடாது, பின்னால் வெறும் சுவராக இருக்க வேண்டும், படத்தில் எந்தத் திருத்தமும் செய்திருக்கக் கூடாது. ஜானு அதை மெஹபூப் அலிக்கு வாசித்தே காட்டினாள். முதல்முறையாக அந்த ஸ்டூலில் நேராக உட்கார்ந்தாள். வெள்ளையை மூட வேண்டாம், இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அவள் தெருமுனை திரும்புகிற வரை ஸ்ரீவத்சன் ஸ்டூடியோ வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார். பிறகு உள்ளே போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எப்போதும் போலவே இருக்கட்டும் என்றார்.

"பாப்பா வேணாம்னு சொல்லிக்கினு போச்சே சார்" என்றார் மெஹபூப் அலி.

"அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், பண்ணுங்கோ."

மெஹபூப் அலி தலையாட்டினார். காலங்காலமாக வருகிற வாடிக்கை, பெண்ணைப் பெற்றவர் வேறு.

முகத்தைப் பார்த்து ஜப்பான்காரன் ஒதுக்கிவிட்டால் என்ன செய்வது, குழந்தையின் நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அதில் பாதிகூட உண்மை இல்லை. அடையாறில் இன்னொரு இடத்துக்கு ஜானுவுக்குத் தெரியாமல் ஜாதகம் கொடுத்திருந்தார். மிச்சக் காப்பி அதற்கு ஆகும் என்ற கணக்கும் மனசுக்குள் ஓடியது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்த முகத்தை அச்சடித்து, ஒட்டி, சீல் வைத்து, இதுதான் ஸ்ரீவத்சன் மகள் என்று ஒருவன் எழுதிவைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. தெருவில் நடக்கும்போதுகூட அவர் எப்போதும் ஜானுவுக்கு வலப்பக்கமாகத்தான் நடப்பார். வண்டி இடிக்கும் என்று காரணம் சொல்வார்.

படங்கள் வந்தன. முகம் முழுக்க ஒரே நிறம். தாமே பசை தடவி விண்ணப்பத்தில் ஒட்டி, கவரில் போட்டு வைத்தார். கடைசி நாள் சனிக்கிழமை, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், நீ எதற்கு அலைய வேண்டும் என்றார். ஜானு எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ஆனால் சனிக்கிழமை காலையில் தலை பின்னிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். விண்ணப்பிக்கிறவர் நேரில் வர வேண்டுமாம், வகுப்பில் சொன்னார்களாம். பஸ்ஸில் ஸ்ரீவத்சன் கவரை மடியை விட்டு இறக்கவே இல்லை.

பயிற்சி நிலையத்தின் கௌன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். கவரைப் பிரித்து விண்ணப்பத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், ஜானுவைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். ஜானுவும் அப்போதுதான் அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன மாறியது என்று ஸ்ரீவத்சனுக்குத் தெரியாது. அவர் கௌன்டர் மரத்தில் யாரோ கீறியிருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

கௌன்டர் பெண் நல்லவள். சத்தத்தைத் தணித்து, "போட்டோ மாறிடுச்சு போல சார். இது இவங்க அக்காவா?" என்று கேட்டாள்.

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஜானுவோடு படிக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"ஆமாம்மா, மூத்தவ. அவசரத்துல மாத்தி ஒட்டிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பெற்ற பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, வெள்ளை இல்லாத இன்னொரு பெண்ணைப் பெற்றுவிட்டார். ஜானு மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கௌன்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று மட்டும் விசாரித்தாள். கௌன்டர் பெண் பழைய படத்தைப் பதமாக உரித்து, கவரில் இருந்த மிச்சக் காப்பிகளோடு சேர்த்து ஸ்ரீவத்சனிடம் நீட்டினாள். பெரியவளுக்குப் பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாண்டி பஜாரில் பத்து நிமிஷத்தில் போட்டோ எடுத்துத் தருகிற கடை இருப்பது ஜானுவுக்குத் தெரிந்திருந்தது. விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். வளையல் கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், ஜனம் இடிக்கிறது, ஸ்ரீவத்சன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறார். ஓடிப்போய் அவள் வலப்பக்கத்தைப் பிடிக்கவும் பார்க்கிறார். பழக்கம் அப்படி.

கடை வாசலில் ஜானு நின்று திரும்பினாள்.

"அப்பா, அந்த அக்காவுக்கு வரன் ஏதாவது குதிர்ந்துதா?"

கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்து ஆத்துப் பெண்ணைப் பற்றி விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். ஸ்ரீவத்சனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடையாறில் ஜாதகம் கொடுத்ததும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்தோ.

கடைப் பெண் வழக்கப்படி கண்ணாடியையும் சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்து வைத்தாள். கொஞ்சம் திக்காகப் போட்டால் தெரியாது அக்கா என்று அன்பாகத்தான் சொன்னாள். ஜானு பவுடரைத் தள்ளிவிட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, வெள்ளைத் துணிக்கு முன்னால் நேராக உட்கார்ந்தாள். கேமரா கடகடவென்று ஒரு அட்டையைத் துப்பியது. ஒரே அட்டையில் நாலு படம். பிரஷ்ஷும் கிடையாது, சாயமும் கிடையாது, எடுத்தது எடுத்ததுதான். கடைப் பெண் அதை ஸ்ரீவத்சன் கையில் கொடுத்து, காற்றில் கொஞ்சம் ஆட்டுங்கள் சார் என்றாள்.

அவர் ஆட்டினார். மேல் காகிதத்தை உரித்ததும் முகம் தெரிந்தது. வெள்ளை உதட்டைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, வலது கண்ணின் கீழ் இமை வரை போயிருந்தது. ஸ்ரீவத்சனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கன்னத்தோடு நின்றுவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அவர் கையில் காபி கொடுக்கிறவள் இவள்தான். கண் வரைக்கும் எப்போது போயிற்று? கேமரா பார்த்திருக்கிறது, மெஹபூப் அலி பார்த்து அளவெடுத்து மூடியிருக்கிறார், பெற்றவர் பார்க்கவில்லை. அந்தச் சின்னக் கடையில், பவுடர் வாசனைக்கு நடுவில், தன்னை மாதிரி கேவலமான மனுஷன் இந்த பஜாரிலேயே இருக்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டார்.

கௌன்டர் மூடுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். ஜானு தானே ஒட்டினாள். கௌன்டர் பெண் படத்தைப் பார்த்தாள், ஜானுவைப் பார்த்தாள், தலையாட்டினாள். சீல் வைக்கப் போனவள் ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க அக்காவும் எழுதறாங்களா? ஃபார்ம் இன்னும் இருக்கு. இன்னிக்குத்தான் கடைசி."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஜானு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை, காத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா கிடையாதும்மா" என்றார் ஸ்ரீவத்சன். "எனக்கு ஒரே பொண்ணு. அந்தப் போட்டோவும் இவதான். நான்தான் டச்சிங் பண்ணச் சொன்னேன்."

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கௌன்டர் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் சீலை மை அட்டையில் திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு விண்ணப்பத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, ரசீதைக் கிழித்து ஜானுவிடம் கொடுத்தாள். இரண்டு பேருமே ஸ்ரீவத்சனைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். அவருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பொய் சொன்னபோது எரிந்த காது, நிஜம் சொன்ன பிறகும் அப்படியேதான் எரிந்தது.

வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். கால் தானாகவே போய் அவரை ஜானுவுக்கு வலப்பக்கத்தில் சேர்த்தது. ஜானு நின்றாள். அவருக்குப் பின்னால் சுற்றி வந்து, சாலையை ஒட்டிய பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். வலது கன்னம் பாண்டி பஜார் முழுக்கத் தெரிய நடந்தாள். எதிரே வந்த ஒரு அம்மாள் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

ஸ்ரீவத்சனுக்கு இப்போது அவளுடைய இடது கன்னம் மட்டுமே தெரிந்தது. அவர் சட்டைப் பையில் இருந்த வெள்ளை இல்லாத முகம், அந்த மூத்தவளின் முகம், அப்படியே அதில் இருந்தது. பஸ் வரும் வரைக்கும் அவரால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.