பலகை சுமந்தவள்

சலே நகரத்தில் எங்கள் சந்துக்காரர்கள் மாவை வீட்டில் பிசைந்து தட்டி, பலகையில் அடுக்கி, பொது அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். எது யார் வீட்டு ரொட்டி என்று அடுப்புக்காரர் ஜிலாலிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக வீட்டுக்கொரு அடையாளம். புவஸ்ஸா வீட்டுக்கு, மாவில் சாவியை அழுத்திப் பதிக்கும் சாவிக்குத்து.

அந்த வீட்டம்மா இறந்து வருஷம் திரும்புவதற்குள் புவஸ்ஸா மலைப்பக்கத்திலிருந்து தாமுவைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேளமில்லை, விருந்தில்லை. அடுத்த வீட்டிலிருக்கும் எங்களுக்கே அழைப்பில்லை என்றால் பாருங்கள். தாமுவுக்கு மோவாயில் பச்சைக்குத்து, பேச்சில் மலைக்காட்டு இழுப்பு. வந்த மறுநாளே மாவில் அதே சாவியை அழுத்தினாள். புவஸ்ஸாவின் மகள் ருகையாவுக்கு அதுவே பொறுக்கவில்லை. அவளை எதைச் சொல்லியும் கூப்பிடுவதில்லை. தெருவில் பத்தடி தள்ளித்தான் நடப்பாள்.

ஒருநாள் தாமு பலகையோடு பின்னால் வர, ருகையா முன்னால் அடுப்படிக்குப் போனாள்; அங்கே அவளுடைய பள்ளித்தோழியும், தோழியின் தாய் லல்லா ஸஹ்ராவும் நின்றார்கள். அந்த அம்மாள் பெரிய வீட்டுக்காரி, பேருக்கு முன்னால் 'லல்லா' என்பது அந்த மரியாதைக்குத்தான். சாவிக்குத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"யாருடி அது, உங்க வீட்டு ரொட்டியத் தூக்கிட்டு வர்றது?"

தோழி தாமுவின் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்காரி," என்றாள் ருகையா.

சொன்ன பிறகுதான் தாமு முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

லல்லா ஸஹ்ராவுக்கு வேலைக்காரி என்றால் ஊர்ப் பொதுச்சொத்து. தன் பலகையையும் வீடுவரை கொண்டுவந்து போடச் சொன்னாள். தாமு ருகையாவை ஒருமுறை பார்த்தாள். "சரி லல்லா" என்று தூக்கிக்கொண்டாள். கூடவே போன ருகையாவை அங்கே மெத்தையில் உட்காரவைத்துப் புதினாத் தேநீர் கொடுத்தார்கள். தாமுவுக்கு வாசலில், ஆறிப்போன அவரைக்கஞ்சி. நின்றபடியே குடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ருகையா தேநீரை அப்படியே வைத்துவிட்டாள். வீடு திரும்பியதும் ஏன் இவ்வளவு நேரம் என்று புவஸ்ஸா கேட்டதற்கு, அடுப்பில் கூட்டம் என்றாள் தாமு.

மறுநாள் அடுப்படியில் லல்லா ஸஹ்ரா, திங்கட்கிழமை கம்பளி துவைக்க வந்துவிடும்படி தாமுவிடம் சொன்னாள். தாமு தலையாட்டப் போனாள்.

"அவங்க வேலைக்காரி இல்ல," என்றாள் ருகையா.

"பின்ன யாரு?"

"எங்கப்பா கட்டிக்கிட்டவங்க."

ஜிலாலியின் துடுப்பு அடுப்புவாயிலேயே நின்றது. லல்லா ஸஹ்ரா தாமுவின் பக்கம் திரும்பினாள். "நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? வாசல்ல நின்னு கஞ்சி குடிச்சியேம்மா."

"புள்ள ஒண்ணு சொல்லிட்டா. நாலு பேர் முன்னால அவளப் பொய்க்காரி ஆக்கவா?"

அதற்குப் பிறகு யாரும் தாமுவைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ருகையா மேல்.

தாமு பலகையைத் தலையில் ஏற்றி நடந்தாள். அவர்களுக்கு முன்பே செய்தி சந்துக்கு வந்துவிட்டது. எங்களுக்கும் வாசலில் ஏதோ வேலை இருந்தது. ருகையா இன்று தள்ளி நடக்கவில்லை, தாமுவின் முதுகோடு ஒட்டி வந்தாள்.

"துணி நழுவுது பாரு, பிடி," என்றாள் தாமு, திரும்பாமல்.

ருகையா ரொட்டி மூடிய துணியைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. முகத்தை அதில் புதைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு. நாங்கள் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, எப்படிப் புதைப்பாள்?