எருமைக்குப் போன நெல்லி

பாலுசாமி கொடுத்த பாட்டிலை நிலோஃபர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் ஒரு துகள் இல்லை, மேலே ஒரு நுரை இல்லை. மூடியைத் திறந்ததும் நெல்லிக்காய் வாசனை மட்டும் லேசாக எழுந்து வந்தது.

"வாலை எந்திரத்துல வடிச்சதுங்க அம்மணி. நெல்லித் தீநீர். ஆவி மேல போயி, குளுந்து, சொட்டுச் சொட்டா எறங்கும். ஊர்க்காரனுக சாராயம் காச்சறேன்னு போலீசுக்கே சொல்லிப்போட்டானுக" என்று சொல்லிச் சிரித்தார் பாலுசாமி.

காரமடைப் பக்கம் நெல்லித் தோப்பு வைத்திருப்பவர். பம்ப்செட் பட்டறையும் இருந்தது. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததும் அதை மகனிடம் விட்டுவிட்டார். அன்றிலிருந்து மனிதர்களைச் சாகாமல் வைத்திருப்பது எப்படி என்பது ஒன்றுதான் அவருடைய யோசனை. அந்த யோசனையின் முதல் விளைச்சல் இந்தப் பாட்டில். முதுமையை ஓட்டும் ஆன்டிஆக்சிடன்ட் அமுதம் என்று லேபிளே அச்சடித்தாகிவிட்டது.

"எத்தன சதவீதம்னு நீங்க ஒரு நம்பர் மட்டும் குடுத்தாப் போதுங்க. அதுக்கு எடம் உட்டுத்தான் அடிச்சிருக்கறேன்."

துடியலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தனியார் ஆய்வகம். பப்ஸ் வேகும் மணத்தில் உட்கார்ந்துதான் நிலோஃபர் ஊரில் உள்ள பொடிகளையும் கஷாயங்களையும் சோதித்துக்கொண்டிருந்தாள். சோதனை என்னவோ எளிதுதான். ஆழ்ந்த ஊதா நிறத்தில் ஒரு கரைசல். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் துணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று ஜோடி தேடி நிற்கும். உடம்பை மூப்பாக்குவதாகச் சொல்லப்படும் ஃப்ரீ ரேடிக்கல் இந்த வகைதான். ஆன்டிஆக்சிடன்ட் உள்ள பொருளைச் சேர்த்தால் அது துணை கொடுத்து அடக்கிவிடும், ஊதா வெளுத்து மஞ்சளாகும். கொஞ்ச நேரம் இருட்டில் வைத்துவிட்டு, எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் அளந்தால் வேலை முடிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வைட்டமின் சி குழாய் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஊதாவாகவே நின்றது. தீநீர் விட்ட குழாயும் அதன் பக்கத்தில் அதே ஊதாவில் நின்றது. நிலோஃபருக்கு நம்பிக்கை வரவில்லை. கரைசலைப் புதிதாகக் கலக்கி மறுபடியும் செய்து பார்த்தாள். மாற்றமில்லை.

பாலுசாமியை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ சொந்தக்காரர் இறந்த சேதி கேட்டவர்போல நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"மூட்ட மூட்டையா நெல்லிங்க அம்மணி. ஒரு கலப்படம் இல்லீங்க. அப்பறம் எப்படி?"

"நெல்லியில குறை இல்லீங்க சார். வைட்டமின் சி, துவர்ப்புச் சத்து இதெல்லாம் ஆவியோட மேல ஏறாதுங்க. வாசனைதான் ஏறும். சத்து பூரா அண்டாவுலயே தங்கியிருக்கும். அந்த மிச்சத்த என்ன பண்றீங்க?"

"அது கருகருன்னு சேறாட்ட இருக்குமுங்க. பூவாத்தா எருமைகளுக்கு ஊத்திப்போடுவா."

பூவாத்தாள் அவர் மனைவி. மறுநாளே அந்தச் சேறு ஒரு பால் தூக்கில் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. நிலோஃபர் அதில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, ஊதாக் கரைசலில் விட்டாள். இருட்டுப் பெட்டிக்கு எடுத்துப் போவதற்குள்ளேயே குழாய் மஞ்சளாகிவிட்டது.

பாலுசாமி அந்தக் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அப்ப இத்தன நாளும் எம்பட எருமைக..."

"ஆமாங்க சார்."

"அதுக நல்லாத்தானுங்க இருக்குது. மேலெல்லாம் பளபளன்னு" என்று ஒப்புக்கொண்டார்.

சேற்றில் வெல்லம் சேர்த்து லேகியமாகக் கிண்டி விற்கச்சொல்லி நிலோஃபர் யோசனை சொன்னாள். அவரும் கிண்டிப் பார்த்தார். சொந்தபந்தத்தில் ஒருவரும் முதல் கரண்டியைத் தாண்டவில்லை. சம்பந்தி வீட்டார் வாயைக் கொப்புளித்துவிட்டு, அந்தப் பாட்டில் தண்ணியே தேவலை, அதைக் குடித்ததும் உடம்பு காற்றாட்டம் இருக்கிறது என்றார்கள்.

பாலுசாமி மறுபடியும் படியேறி வந்தார்.

"அந்தச் சேத்தோட நம்பர பாட்டில்ல போட்டுக்கலாங்களா? ஒரே நெல்லிதானுங்க. ஒரே அண்டாதானுங்க."

"முடியாதுங்க சார்" என்றாள் நிலோஃபர். தன் குரல் அவ்வளவு உறுதியாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

முதலாளி மனோஜ்குமார் கூப்பிட்டுக் கடிந்துகொள்வார் என்று பயந்துகொண்டிருந்தாள். அவர் கடிந்துகொள்ளவில்லை. "உள்ளத உள்ளபடி ரெண்டு ரிப்போர்ட்டா குடுத்துருங்க" என்று முடித்துவிட்டார். தீநீரில் ஒன்றுமில்லை, சேற்றில் அபாரம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு பொய் லேபிளைத் தடுத்துவிட்டோம் என்று அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு போனதுகூடச் சுகமாக இருந்தது.

பாலுசாமியும் யோக்கியமான மனிதர். லேபிளில் இருந்த முதுமையையும் அமுதத்தையும் எடுத்துவிட்டார். ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல்லையே தொடவில்லை. புது லேபிளில் நெல்லித் தீநீர் என்ற பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி: நவீன ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சேற்றைக் காயவைத்துத் தவிட்டில் கலந்து மாட்டுத் தீவனமாக மூட்டை கட்டினார். மூட்டைக்குள் ரிப்போர்ட்டின் நகலையே வைத்துத் தைத்தார். அவினாசிச் சந்தைவரை கன்றுகாலிகள் ஃப்ரீ ரேடிக்கல் பயமில்லாமல் வளர்ந்தன. மனிதர்கள் பாட்டிலுக்குக் கடை கடையாக அலைந்தார்கள்.

இதெல்லாம் நிலோஃபருக்குத் தெரியவந்தது கோட்டைமேட்டில், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் அந்தப் பளிங்குப் பாட்டில் உட்கார்ந்திருந்தது.

"எங்கம்மா வாங்குன இத?"

"எல்லாரும் குடிக்கறாங்க கண்ணு" என்றாள் அம்மா உம்மல் குல்சும். "லேப்ல டெஸ்ட் பண்ணுனதாமா. பின்னாடி படிச்சுப் பாரு."

"டெஸ்ட் பண்ணுனதே நான்தாம்மா. இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி."

உம்மல் குல்சும் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே இல்லியா? அதான பாத்தேன். அந்த மூட்டு மாத்திரையாட்ட இது வயித்தப் போட்டுப் பொரட்டறதே இல்ல. வலியும் கொறைஞ்சிருக்குது. நீயே பாத்துச் சொன்ன பொறகு எனக்கென்ன பயம்?"

ஊதா நிறத்திலிருந்து ஆரம்பிப்பதா, துணையில்லாத எலெக்ட்ரானிலிருந்தா என்று நிலோஃபர் யோசித்தாள். அதற்குள் அம்மா ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டியிருந்தாள். வெயிலில் வந்த களைப்பு. வாங்கிக் குடித்தாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது.