ஒரிஜினல் கார்டு

“ஏம்மா, பாய் தலையில தழும்பு கீதே. உள்ள இன்னா வச்சிருக்காங்க?” என்று திருவள்ளூர் ஸ்கேன் சென்டரில் மெஷின் ஓட்டும் துளசிராமன் மெஹர்னிசாவைக் கேட்டார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவள் கணவர் சஹாபுதீனின் கைநடுக்கத்துக்காகச் சென்னையில் மூளைக்குள் கம்பி வைத்தார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. பழவேற்காட்டில் இறால் நிறுக்கும்போது தராசையே ஆட்டிவைத்த கை அதோடு அடங்கியது. இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. இன்று காலை எழுந்தால் இரண்டு காலும் மரத்துக் கிடந்தன. முதுகில் எது நரம்பை அழுத்துகிறதென்று எம்.ஆர்.ஐ. எடுத்து, இன்றைக்கே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அந்தக் கம்பிக்கு ஒரு கார்டு குடுத்திருப்பாங்க, அத்த குடும்மா. இன்னா மாடல்னு தெரியாம உள்ள அனுப்புனா கம்பி சூடாயி மூளை வெந்துடும்.”

கார்டா? ஊனமுற்றோர் சான்றிதழ் கேட்டுப் போன மாதம் கொடுத்த மனுவோடு அதை அவள்தானே குத்திக் கொடுத்தாள்! ஊரே ஜெராக்ஸ் இணைத்தது. ஒரிஜினலைப் பார்த்தால் ஆபீசர் மதிப்பார் என்று இந்தப் புத்திசாலிக்கு நினைப்பு. தனக்கென்று ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை.

ஆட்டோ பிடித்து, மனு கொடுத்த அலுவலகத்துக்கு ஓடினாள். மனு சென்னைக்குப் போய்விட்டதாம். கம்பி வைத்த சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பழைய ஃபைலைத் தேட இரண்டு நாள் ஆகுமாம். யாரைத் திட்டுவது? தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது சஹாபுதீன் ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தக் கம்பி அடக்கிவைத்த கையைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“வேற சென்டருக்குப் போவலாம் மெஹரு,” என்றார் மெதுவாக. “தொப்பிய இறக்கி வுட்டுக்கறேன். ஒண்ணும் வைக்கலன்னு சொல்லிடு.”

“வேணாங்க. உங்கள நானே கொல்லணுமா?”

“கை ஆடுனாலும் நடந்துக்கினு இருந்தேன்ல?”

போர்வைக்குள் கையை விட்டு அவர் கால் கட்டைவிரலைப் பிடித்தாள்.

“இப்ப கொஞ்சம் உணர்ச்சி வந்தாப்புல கீது,” என்றார் சஹாபுதீன், டீ கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டே. “எங்க, கிள்ளிப் பாரு.”

நகம் பதிய அவள் கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.