ஏழு பாடம், ஏழு கட்டைவிரல்

வாத்து என்னிடம் பேசி இன்றோடு பதினோரு நாள். அவள் நடையைப் பார்த்து ஆறாம் வகுப்பில் நான் வைத்த பெயர் அது. நான் கூப்பிட்டால் மட்டும் திரும்புவாள். வேறு யாராவது கூப்பிட்டால் முறைப்பாள். இப்போது என் குரலுக்கும் திரும்புவதில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போனவள்தான்.

நான் என்ன தப்பு செய்தேன்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. அவளுடைய பேனாவைத் தொலைத்தேன், ஆனால் அது போன வருடம். அவள் முடி வெட்டிக்கொண்டு வந்தபோது எலி கடித்த மாதிரி இருக்கிறது என்றேன், அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைவிட நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் பொறாமை என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது?

"நேராப் போய்க் கேளேன்டி" என்றாள் அம்மா.

"நான் ஏன் கேக்கணும்? அவதானே மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுப் போனா."

"அப்போ சாப்பாட்டு மேல கோபத்தக் காட்டாத. ஒழுங்கா சாப்பிடு."

இறுதிப் பரீட்சைக்காக எனக்கும் வாத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வேதியியல் அவளுக்கு, உயிரியல் எனக்கு. அவரவர் பாடத்தைப் படித்து, புரிந்ததைப் போனில் பேசிப் பதிவு செய்து மற்றவளுக்கு அனுப்ப வேண்டும். கேட்டு முடித்தவள் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட வேண்டும். அது வந்தால்தான் அடுத்த பாடம். நான் மூன்றாவதிலேயே முக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஏழு அனுப்பிவிட்டாள். ஏழுக்கும் நான் விரல் போட்டிருந்தேன். இதில் அவளுக்கு என்ன குறை?

சனிக்கிழமை மத்தியானம் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவள் அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு, யாருடைய பள்ளிச் சீருடையையோ தைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. ஆளையே காணோமே, சண்டையா?"

"தெரியல ஆன்ட்டி."

"உனக்கே தெரியலன்னா எனக்கு யாரு சொல்லுவா? கேட்டா தலைவலிங்கறா. நீ போய்ப் பேசு, நீ சொன்னாத்தான் கேப்பா."

உள்ளே பட்டப்பகலில் திரைச்சீலை மூடியிருந்தது. சுவரில் கால அட்டவணை, மணிக்கொரு நிறம். வாத்து கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகங்களை ரத்தம் வரும்வரை கடித்து வைத்திருந்தாள்.

"என்னதான்டி உன் பிரச்சினை?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்டி இந்த வெயில்ல நடந்து வரப்போறேன்?"

"ஏழாவது பாடம் கேட்டியா?"

"கேட்டேனே. விரல் போட்டேனே. நல்லா இருந்துச்சு."

அவள் முகம் வெளுத்துப்போனது.

"நாலு நிமிஷத்துக்கு மேல அதுல பாடமே இல்லடி. புத்தகத்தத் திறந்தா எழுத்தெல்லாம் மங்குது, கை நடுங்குது, ஸ்கூல் கேட்டப் பாத்தாலே வாந்தி வருதுன்னு சொன்னேன். அம்மாகிட்ட சொன்னா பயந்துடுவாங்க, நீ மட்டும் வீட்டுக்கு வாடின்னு அழுதேன். நீ விரலப் போட்டே."

போன் பாதியிலேயே நின்றுவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், நான் சொன்னால் அவள் எதையும் நம்புவாள். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"நான் கேக்கவே இல்லடி."

"ஏழாவதையா?"

"எதையுமே. மொத பாடத்துல அரை நிமிஷம் கேட்டேன். நீ அவ்ளோ தெளிவாப் பேசுன. உன் குரலக் கேட்டாலே நீ எங்கயோ போயிட்ட, நான் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கிறேன்னு தோணும். அதான் வந்ததும் விரலப் போட்டு மூடி வச்சிடுவேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் பாரம் குறைந்தது. அவளுக்கும் குறையும் என்று முட்டாள்தனமாக நினைத்தேன். கேட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால்தானே துரோகம்? கேட்காமலே கேட்டேன் என்றது அதைவிடச் சின்னத் தப்பா, பெரிய தப்பா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"ஒவ்வொரு பாடம் முடிவுலயும் உன்கிட்ட ஏதாவது சொல்வேன்டி" என்றாள். "ஒரு தடவ நம்ம கணக்கு சார் மாதிரி பேசிக் காமிச்சேன். விரல் வந்ததும், நீ சிரிச்சிருப்பேன்னு நெனச்சு நானும் சிரிச்சேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ இத்தன நாளா நான் யார்கிட்டடி பேசிட்டிருந்தேன்?"

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"என்னம்மா, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்று முன்னறையிலிருந்து அவள் அம்மா கேட்டார்.

வாத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே, "பேசிட்டோம்மா!" என்றாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. போவதா, உட்காருவதா என்று தெரியாமல் நான் கதவோரமே நின்றேன்.