நவாபின் நெஞ்சுச் சத்தம்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மூச்சு இழுப்பு நோய் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. முதலில் அப்படிச் சொன்னவள் என் நாத்தனார் நசீம் பானு.

"காதை வெச்சுக் கேளு ஜாஹிரா. கர்ர்ர் கர்ர்ர்னு நெஞ்சுல சளி கட்டிக்கினு கிடக்குது. உன் பொண்ணுக்கும் அதே சத்தம். பூனைக்கிட்டேருந்து ஒட்டிக்காம இன்னா செய்யும்?"

அது பாரசீகப் பூனை. சப்பை மூக்கு, உடம்பெல்லாம் புசுபுசு மயிர். ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த ஜெர்மன்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது, தனக்கு மெத்தை தைத்துக் கொடுத்த என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனது. நவாபு என்று பெயர் வைத்தோம். பேருக்கேற்ற மாதிரி அது ஒரு எலியைக்கூடப் பிடித்ததில்லை. தெருப்பூனை போடும் குர்குர் பக்கத்தில் போனால்தான் கேட்கும். இது கூடத்தில் படுத்துச் சத்தம் போட்டால் அடுப்படி வரை கேட்கும்.

என் மகள் ரஹமத்துக்கு அப்போது ஆறு வயது. எண்பத்தொன்றாம் வருஷம், மழை பிடித்ததிலிருந்து இழுப்பு. விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. போன வருஷமும், பூனையே இல்லாதபோதும், இரண்டு தரம் இழுத்தது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் வீட்டுக்காரர் ரியாசுதீன் கல் நெஞ்சுக்காரர் இல்லை. வீட்டு முன்னறைதான் அவருடைய மெத்தைக் கடை. மகளுக்கு இழுக்கும்போதெல்லாம் மற்ற வேலையை ஓரம் கட்டிவிட்டு, புதுப் பஞ்சை வில்லால் அடித்து, அவளுக்கென்று ஒரு மெத்தை தைப்பார். "பழசு கெட்டியாப் போச்சு. முதுகு உறுத்துனா மூச்சு எப்படி வரும்?" இரண்டு மாதத்தில் மூன்று மெத்தை.

மூன்றாவது மெத்தையிலும் இழுத்தது. அன்றைக்குத்தான் சொன்னார்: "தீபம் முடியட்டும். பூனையைக் கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஏத்திடறேன். எந்த அரிசி மண்டியிலயாவது பொழைச்சுக்கும்."

"பூனை போயும் இழுப்பு போகலைன்னா?"

கேட்காத மாதிரி பஞ்சு அடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பிள்ளை அந்தப் பூனை மேல் கை வைத்தால்தான் தூங்குகிறாள். அதையும் பிடுங்கிவிட்டு, நோயையும் விட்டுவைப்பார்களா? யாராவது படித்தவர் சொல்லட்டும், அப்புறம் அனுப்பட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபத் திருவிழாவுக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் கால்நடை டாக்டர் உட்காருவார். மறுநாள் காலையில் நவாபைக் கூடையில் போட்டு, ரஹமத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். காளைகளுக்கு நடுவில் வரிசையில் நின்றேன்.

"இன்னாம்மா, இது எத்தினி படி கறக்கும்?" என்றான் ஒருவன்.

"உன் வாய் கறக்கிறதைவிடக் கம்மிதான்" என்றேன். அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் இராமலிங்கம் காதுக் குழாயை நவாபின் விலாவில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை." ஆளை விட்டுப் பக்கத்தில் வாளியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் நவாபு மிரண்டு கப்சிப். டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"நெஞ்சு சுத்தமா இருக்குதும்மா. எல்லாப் பூனையும் போடற சத்தம்தான் இது, தொண்டைத் தசை துடிக்கிறது. இந்த ஜாதிக்கு மூக்கு சப்பை, மூச்சுச் சத்தமும் சேர்ந்துக்குது. அதான் ஜாஸ்தி. சந்தோஷமா இருந்தாலும் போடும். வலியில கிடந்தாலும் போடும், தன்னைத்தானே தேத்திக்கிறதுக்கு."

"என் பொண்ணுக்கும் இதே சத்தம்தானுங்க."

"நான் மாட்டு டாக்டர். புள்ளையப் பத்தி நான் சொல்லக்கூடாது. நீயே காதை வெச்சுப் பாரு."

சந்தை என்றும் பார்க்காமல் மண்டி போட்டு இரண்டு நெஞ்சிலும் மாறி மாறிக் காது வைத்தேன். பூனை மறுபடி ஆரம்பித்திருந்தது. மூச்சை இழுக்கும்போதும் கர்ர்ர், விடும்போதும் கர்ர்ர். ரஹமத்துக்கு விடும்போது மட்டும் விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம். இரண்டும் ஒன்றே இல்லை.

டாக்டர் பூனையின் மயிரை விலக்கி, அடியிலிருந்து வெள்ளையாக எதையோ பிடுங்கினார். "இன்னா இது?"

"பஞ்சுங்க. மெத்தைக் கடை."

"பூனைக்கு இந்தப் பஞ்சை நக்கித் துப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ரஹமத்தையே பார்த்தார். "பூனை மயிரும் சிலருக்கு ஆகாது, அதையும் சொல்லிடறேன். ஒண்ணொண்ணா தள்ளி வெச்சுப் பாரு. பாக்காம முடிவு கட்டாதே."

பார்த்தேன். முதலில் அவர்கள் ஆசைப்படியே பூனையைப் பக்கத்துத் தெரு சந்திரகலா வீட்டில் விட்டேன். பத்து நாள். நசீம் பானு வந்து வந்து விசாரித்தாள். இழுப்பு போகவில்லை. இன்னும் ஏறியது. பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் நாலாவது மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அதை உள்ள கொண்டாராதீங்க" என்று வாசலை மறித்தேன்.

"உனக்குப் பைத்தியமா? என் கையால தெச்சது."

"பத்து நாள் உங்க பேச்சைக் கேட்டேன். இனிமே பத்து நாள் என் பேச்சு."

அன்றே ரஹமத்தையும் சந்திரகலா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வெறும் கோரைப்பாய். தலைக்குப் பஞ்சுத் தலையணைகூட இல்லை. பக்கத்தில் நவாபு. "பொண்ணைத் தரையில போட்டுட்டு, நோய் புடிச்ச பூனையைக் கட்டி வெச்சிருக்கா" என்று நசீம் பானு தெருவெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொள்ளட்டும். மூன்றாம் நாள் விசில் குறைந்தது. ஏழாம் நாள் நின்றது. எட்டாம் நாள் ரஹமத் மாடிப்படி ஏறி இறங்கி விளையாடினாள்.

பதினொன்றாம் நாள் காலை அவர் கடையிலிருந்து நேராக வந்தார். பாயில் குனிந்து மகளின் நெஞ்சில் காதை வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே ஜாஹிரா" என்றார். "பூனைச் சத்தம்தான் கேக்குது."

நிமிரும்போது தாடியிலிருந்து ஒரு துளிப் பஞ்சு பிள்ளையின் சட்டை மேல் விழுந்தது. அதைப் பார்த்தார். மெதுவாக விரலால் எடுத்தார். பின்னாலேயே நகர்ந்து, வாசலைத் தாண்டி, தெருவில் போய் நின்றுகொண்டார்.

"அப்ப நான்தானா?" என்று அங்கிருந்து கேட்டார்.

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கே அடுத்த மெத்தை வரும்.

"ஆமாங்க" என்றேன்.

ரஹமத் எழுந்து அவரிடம் ஓடினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கிட்ட வராதேம்மா" என்றார். "குளிச்சுட்டு வந்து தூக்கறேன்."